முழம் போடும் கை

அம்மாவின் இடது முன்கையில் நீல மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டு அனுப்பியிருந்தார்கள். மணிக்கட்டுக்குக் கொஞ்சம் மேலே தொடங்கி முழங்கை மடிப்பு வரைக்கும் போகும் கோடு. டாப்ளர் ஸ்கேன் எடுத்தவர், ரத்த நரம்பு ஓடும் வழியைத் திரையில் பார்த்துப் பார்த்து வரைந்தது. "ரெண்டு நாளைக்கு இதை அழிச்சிடாதீங்கம்மா" என்று சொல்லியிருந்தார். டயாலிசிஸுக்காகக் கையில் ஃபிஸ்டுலா போட நாள் குறித்தாகிவிட்டது.

அன்று சாயங்காலம் மதுரையில் எங்கள் வீட்டு வாசல்படியில் உட்கார்ந்து அம்மா மல்லிகை கட்டிக்கொண்டிருந்தாள். நான் உள்ளே ஆஸ்பத்திரி ஃபைலை அடுக்கிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு அக்கா ரெண்டு முழம் கேட்டு வந்தார். அம்மா சரத்தின் நுனியை இடது கை நடுவிரலில் பிடித்து முழங்கை வரைக்கும் இழுத்தாள். சரம் சரியாக அந்த நீலக் கோட்டின் மேலே படிந்தது. ஒரு முழம். மறுபடி இழுத்தாள், இன்னொரு முழம். வாழை நாரின் ஈரத்தில் மை கசிந்து ஒரு மொட்டில் ஒட்டிக்கொண்டது. அம்மா அதைக் கிள்ளிப் போட்டுவிட்டு வேறொரு மொட்டை வைத்து முடிந்தாள். முடிச்சுப் போட்டதும் இடது கைதான்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது.

முந்தின வாரம் டாக்டர் தெளிவாகக் கேட்டிருந்தார். "வலது கைப் பழக்கம்தானே?" நான்தான் பதில் சொன்னேன். "ஆமா சார்." அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அதிகம் புழங்காத கையில் ஃபிஸ்டுலா போடுவதுதான் வழக்கம் என்பதால் அவர் இடது கை என்று எழுதிக்கொண்டார். அந்தப் பேச்சு முடிய அரை நிமிடம் ஆகியிருக்காது.

நான் பொய் சொல்லவில்லை. அம்மா சாப்பிடுவது வலது கையால்தான். கையெழுத்துப் போடுவது, திருநீறு எடுப்பது, காசு வாங்குவது எல்லாம் வலது கை. சின்ன வயதில் பீச்சாங்கையால் சோறு எடுத்ததற்காக ஆச்சி அகப்பைக் காம்பால் அடித்து அடித்துப் பழக்கியது அது. ஆனால் பூக் கட்டுவதை அம்மா தன் அத்தையிடம் ராத்திரி நேரத்தில், கூடையைச் சுற்றி உட்கார்ந்து பழகினாள். அங்கே யாரும் கையைப் பார்த்து அடிக்கவில்லை. வேகமாகக் கட்டினால் போதும். அதனால் அந்த ஒரு வேலையில் மட்டும் அவள் பிறவியில் எப்படியோ அப்படியே இருந்துவிட்டாள். நாற்பது வருடமாக நான் பார்த்துக்கொண்டிருந்த காட்சி இது. டாக்டர் கேட்டபோது என் நினைவுக்கு வந்தது சோற்றுத் தட்டு மட்டும்தான்.

"ஏம்மா அப்பவே சொல்லலை?" என்று கேட்டேன்.

"நீதான் சொல்லிட்டியேடி. டாக்டர் முன்னாடி உன்னை மறுத்துப் பேசினா நல்லாவா இருக்கும்?"

இந்தப் பதிலை நான் இன்னும் சுமந்துகொண்டிருக்கிறேன். அம்மாவின் கூடவே இருந்து, டோக்கன் போட்டு, ஃபைலைத் தூக்கிக்கொண்டு, கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்லி நல்ல மகளாக நடந்துகொண்டதாக நினைத்திருந்தேன். அந்த அறையில் அம்மாவின் வாயை அடைத்தது நான்தான்.

ஃபிஸ்டுலா என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கையில் இருக்கும் ஒரு சிரையைத் தமனியோடு இணைத்துத் தைத்துவிடுவார்கள். தமனியின் வேகத்தில் ரத்தம் பாயப் பாய, அந்தச் சிரை சில வாரங்களிலிருந்து இரண்டு மூன்று மாதங்களுக்குள் தடித்து உரமேறும். பிறகு ஒவ்வொரு டயாலிசிஸுக்கும் அதில்தான் இரண்டு ஊசி குத்துவார்கள். ஒன்றில் ரத்தம் வெளியே போகும், இன்னொன்றில் சுத்தமாகித் திரும்பி வரும். அந்த இடத்தில் விரல் வைத்தால் உள்ளே விர்ரென்று அதிர்வது தெரியும். அந்த அதிர்வு நின்றுவிட்டால் உடனே ஓட வேண்டும். அந்தக் கையில் பிரஷர் பார்க்கக் கூடாது, ரத்தம் எடுக்கக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது. இறுக்கமான வளையல்கூடக் கூடாது. சிலருக்கு விரல் நுனிகள் மரத்துப்போவதும் உண்டு. ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சுப் போடுகிற கையின் விரல்களைப் பற்றி முடிவெடுக்கும் இடத்தில் நான் அரை நிமிடத்தில் பதில் சொல்லியிருக்கிறேன்.

நாங்கள் இந்த இடத்துக்கு வந்து சேர்ந்த கதையும் இதே மாதிரிதான். யாரும் கேட்கவில்லை, அல்லது கேட்டதற்கு வேறொருவர் பதில் சொன்னார்.

அம்மாவுக்குச் சுகர் வந்து 14 வருடம் ஆகிறது. பிரஷரும் சேர்ந்துகொண்டது. கால் வீங்கியபோது ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நான்கு நாள் சேர்த்தோம். அங்கே நீர் மாத்திரை எழுதிக்கொடுத்தார்கள், காலையில் ஒன்று, மதியம் ஒன்று. அடுத்தடுத்த தடவை போகும்போதெல்லாம் பிரஷர் குறையவே இல்லை. மருந்து கேட்கவில்லை என்று டோஸைக் கூட்டினார்கள், இன்னொரு மாத்திரையைச் சேர்த்தார்கள். நாங்களும் "ரொம்பப் பிடிவாதமான பிரஷர்" என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

உண்மையில் அம்மா அந்த நீர் மாத்திரையைப் பெரும்பாலான நாட்களில் போடவே இல்லை. விடிகாலை நான்கு மணிக்கு மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்குக் கிளம்புகிறவள். மதியத்துக்கு மேல் மாசி வீதியில் கூடையை வைத்து உட்கார்ந்தால் ராத்திரி ஒன்பது மணி வரைக்கும் எழுந்திருக்க முடியாது. கழிப்பறைக்கு நடந்து போய்த் திரும்புவதற்குள் கூடையை யார் பார்ப்பது? அந்த மாத்திரை போட்டால் அரை மணிக்கு ஒரு தடவை போக வேண்டும். அதனால் மாத்திரையை நிறுத்தினாள். அதோடு நிற்காமல், பன்னிரண்டு மணிக்குப் பிறகு தண்ணீர் குடிப்பதையும் நிறுத்தினாள். ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளில் கட்டாயம் போட மாட்டாள். வரிசையில் நிற்கும்போது எழுந்து போனால் டோக்கன் போய்விடும். ஆக, பிரஷர் பார்க்கும் ஒவ்வொரு நாளும் மருந்து இல்லாத உடம்பைத்தான் டாக்டர் அளந்திருக்கிறார். அந்த எண்ணை வைத்துத்தான் டோஸ் கூடியது.

இடுப்பு வலிக்கும் முழங்கால் வலிக்கும் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிப் போட்ட வலி மாத்திரைகள் வேறு. சுகர் உள்ளவர்களின் கிட்னிக்கு அவை எவ்வளவு கெடுதல் என்று பிற்பாடுதான் தெரிந்தது. எனக்குத் தெரிந்தால் திட்டுவேன் என்று அதையும் மறைத்திருந்தாள். வெயிலில் உழைத்து, தண்ணீர் குறைவாகக் குடித்து, சிறுநீரை அடக்கி வைக்கும் உடம்புகளை அது என்ன செய்யும் என்பதை நம் உப்பளங்களிலும் மத்திய அமெரிக்காவின் கரும்புத் தோட்டங்களிலும் ஆராய்ச்சியாளர்கள் பார்த்து எழுதியிருக்கிறார்கள். பூக்கூடைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பதும் அதே உடம்புதான்.

இது வெளியே வந்த விதத்தைச் சொல்ல வேண்டும். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் எங்கள் தெருவுக்கும் வந்தபோது, ஒரு தன்னார்வலர் அக்கா வீட்டுக்கே வந்து பிரஷர் பார்க்க ஆரம்பித்தார். ஒருநாள் அலமாரியில் இருந்த பிஸ்கட் டப்பாவை மாத்திரைக்காகத் திறந்தவர், உள்ளே பிரிக்காத அட்டைகள் அடுக்கியிருப்பதைப் பார்த்துவிட்டார். அவர் திட்டவில்லை. "இது மட்டும் ஏம்மா மிஞ்சுது?" என்று கேட்டார். அம்மா எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். பத்து வருடமாக எந்த டாக்டரிடமும், என்னிடமும் சொல்லாததை. காரணம் ஒன்றும் பெரிதில்லை. அந்த அக்கா எங்கள் வீட்டுத் தரையில் உட்கார்ந்து கேட்டார். அம்மா அப்போது நார் கிழித்துக்கொண்டிருந்தாள்.

அந்த விஷயம் அடுத்த டாக்டரின் காதுக்குப் போனதும் நீர் மாத்திரையின் நேரம் மாறியது. மார்க்கெட்டிலிருந்து வந்ததும் ஏழு மணிக்கு ஒரே வேளை. மதியத்துக்குள் அதன் வேகம் அடங்கிவிடும், கடை போடும் நேரத்துக்குத் தொல்லை இல்லை. இரண்டு மாதத்தில் பிரஷர் இறங்கியது. ஆனால் கிட்னி எவ்வளவு கெட்டிருக்கிறது என்று ரத்தத்தில் காட்டும் கிரியாட்டினின் அளவு அதற்குள் எங்கேயோ ஏறிப் போயிருந்தது.

டாக்டர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நான் இதை எழுதவில்லை. ஓபியில் ஒரு டாக்டர் முன்னால் நிற்கும் கூட்டத்தை நானும் பார்த்திருக்கிறேன். 67 நாடுகளின் தகவல்களைத் தொகுத்து 2017ல் ஓர் ஆய்வு வந்தது. ஒரு நோயாளியோடு டாக்டர் செலவிடும் சராசரி நேரம் வங்கதேசத்தில் 48 நொடி, ஸ்வீடனில் 22.5 நிமிடம். இந்தியாவில் சுமார் இரண்டு நிமிடம். இரண்டு நிமிடத்தில் எதைக் கேட்பது என்று அவர்கள் பக்கத்திலும் நியாயம் உண்டு. ஆனால் நேரம் மட்டுமே காரணம் என்றும் சொல்ல முடியவில்லை. 1984ல் அமெரிக்காவில் பெக்மன், ஃபிராங்கல் என்ற இருவர் 74 சந்திப்புகளைப் பதிவு செய்து கேட்டார்கள். நோயாளி தன் குறையைச் சொல்ல ஆரம்பித்ததும், சராசரியாக 18 நொடியில் டாக்டர் குறுக்கிட்டிருந்தார். சொல்ல வந்ததைச் சொல்லி முடித்தவர்கள் 23 சதவீதம். அவசரமே இல்லாத அறையிலும் குறுக்கிடுவது நடக்கிறது. எங்கள் அறையில் குறுக்கிட்டது டாக்டர்கூட இல்லை.

நீலக் கோட்டைப் பார்த்த மறுநாள் காலையிலேயே சிறுநீரக டாக்டரிடம் ஓடினோம். அவர் ஒரு பெண். ஐம்பது வயது இருக்கும். முந்தின வாரம் கையைப் பற்றிக் கேட்டவர் அறுவை சிகிச்சை டாக்டர். இவர் டயாலிசிஸை முடிவு செய்பவர். நான் நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்திவிட்டு நாற்காலியை அம்மா பக்கம் திருப்பினார்.

"அம்மா, காலையில எந்திரிச்சதுல இருந்து ராத்திரி படுக்கிற வரைக்கும் என்ன செய்வீங்க? சொல்லுங்க."

அம்மா என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. அது எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று எனக்குத்தான் தெரியும். கொஞ்ச நேரம் மௌனம். பிறகு அம்மா சொல்ல ஆரம்பித்தாள். மார்க்கெட், பஸ், நார் நனைப்பது, கட்டுவது, கோயில் நேரம், செவ்வாய் வெள்ளியில் விற்கும் அளவு, மார்கழிப் பனியில் வரத்து குறைந்து விலை ஏறுவது, முகூர்த்த நாள் என்று போய்க்கொண்டே இருந்தது. மூன்று நிமிடம் இருக்கும். அந்த மூன்று நிமிடத்தில் டாக்டருக்குத் தெரியவந்தது பத்து வருட ஃபைலில் இல்லை.

அடுத்து இன்னொரு கேள்வி கேட்டார். "டயாலிசிஸ்னா உங்களுக்கு என்ன தோணுது?"

"அது ஆரம்பிச்சா ஆறு மாசம்தான் டாக்டரம்மா. எங்க தெருவுல ஒருத்தரு அப்படித்தான் போனாரு."

நான் அதிர்ந்துபோனேன். இந்த நினைப்போடுதான் இத்தனை நாள் என் பின்னால் வந்திருக்கிறாளா? டாக்டர் அதை மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தத் தெருக்காரருக்கு என்ன வயது, எப்போது சேர்த்தார்கள், கழுத்தில் குழாய் போட்டிருந்தார்களா என்று விசாரித்தார். ஃபிஸ்டுலா தயாராக இல்லாமல் கடைசி நேரத்தில் மூச்சுத் திணறலோடு வந்து, கழுத்துக் குழாயில் கிருமி தொற்றிப் போனவர் அவர். "அவருக்கு நடந்தது அப்படி. அது நடக்கக் கூடாதுன்னுதான் இப்பவே கையில போடலாம்னு சொல்றேன்" என்றார். அம்மாவின் முகம் தெளிந்ததை நான் பார்த்தேன்.

ஆர்தர் க்ளைன்மன் என்று ஹார்வர்டில் ஒரு மனநல மருத்துவர், மானுடவியலும் படித்தவர். நோயாளியிடம் கேட்க வேண்டிய எட்டுக் கேள்விகள் என்று ஒரு பட்டியலை 1970களின் இறுதியில் தொகுத்தார். உங்களுக்கு இது ஏன் வந்தது என்று நினைக்கிறீர்கள், இதில் உங்களுக்கு மிகவும் பயம் தருவது எது, என்கிற மாதிரிக் கேள்விகள். இந்த டாக்டர் அவரைப் படித்திருப்பாரா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அவர் கேட்டது அந்த வகைக் கேள்விதான். பதிலைக் கேட்டபிறகுதான் மருத்துவம் பேச ஆரம்பித்தார்.

வீட்டிலேயே செய்கிற வகை ஒன்று இருக்கிறது என்றார். வயிற்றில் ஒரு குழாய் பொருத்தி, இரண்டு லிட்டர் திரவத்தை உள்ளே விட்டு, சில மணி நேரம் கழித்து வடித்துவிட்டு மறுபடி நிரப்புவது. பொதுவாக ஒரு நாளைக்கு நான்கு தடவை. ஆஸ்பத்திரிக்கு அலைய வேண்டாம், அந்தப் பைகள் அரசுத் திட்டத்திலேயே கிடைக்கும். எனக்கு அதுதான் பிடித்திருந்தது. நர்ஸை அழைத்து ஒரு பையை அம்மாவின் மடியில் வைக்கச் சொன்னார். அம்மா அதைத் தூக்கிப் பார்த்தாள், குழாயைத் தொட்டாள். எவ்வளவு சுத்தம் வேண்டும் என்று கேட்டாள். கதவு ஜன்னல் சாத்தி, ஃபேனை நிறுத்தி, கையைத் தேய்த்துக் கழுவிச் செய்ய வேண்டும், கிருமி போனால் வயிற்றுக்குள்ளேயே சீழ் பிடிக்கும் என்று நர்ஸ் சொன்னார்.

"எனக்கு இருக்கிறது ஒத்த ரூம்மா. அதுலதான் பூ. ஈர நாரு, தூசி, ஈ எல்லாம் அங்கதான். கக்கூஸு நாலு வீட்டுக்குப் பொது. இது எனக்கு ஆகாது."

டாக்டர் உடனே ஒத்துக்கொண்டார். நான் மட்டும் என்றால் வீட்டை மாற்றலாம், சென்னைக்கு வந்துவிடு என்று வாதாடியிருப்பேன். சென்னைக்குக் கூட்டிக்கொண்டு போவதென்று நானும் அண்ணனும் வாட்ஸ்அப்பில் ஏற்கெனவே பேசி முடித்திருந்தோம். அம்மாவிடம் சொல்ல நாள்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அப்புறம் அம்மா கேட்டாள், "ஒண்ணுமே செய்யலைன்னா என்ன ஆகும்?"

"அம்மா!" என்று என் குரல் உயர்ந்துவிட்டது. டாக்டர் என்னைப் பார்த்துச் சின்னதாகத் தலையசைத்தார். அம்மாவுக்கு நேராகப் பதில் சொன்னார். இருக்கிற கிட்னி இன்னும் கொஞ்ச காலம் தாங்கும், அப்புறம் குமட்டல், அரிப்பு, மூச்சுத் திணறல் வரும், அதற்கெல்லாம் மருந்து கொடுத்துக் கஷ்டப்படாமல் பார்த்துக்கொள்ள முடியும், ஆனால் ஆயுள் குறையும் என்றார். "எண்பது தாண்டி, இதயமும் பலவீனமா இருந்தா, வேண்டாம்னு நானே சில பேர்கிட்ட பேசியிருக்கேன். உங்களுக்கு 63 வயசு, இதயம் நல்லா இருக்கு. என்னைக் கேட்டா ஆரம்பிக்கலாம்னுதான் சொல்வேன்."

அந்தக் கடைசி வரி எனக்கு முக்கியமாகப் பட்டது. ஏனென்றால் இதற்கு நேர்மாறாகவும் ஓர் இடத்தில் பார்த்துவிட்டோம். வேறொரு பெரிய ஆஸ்பத்திரியில் வழிகளையெல்லாம் ஆங்கிலத்தில் வரிசையாகச் சொல்லி, "உங்க சாய்ஸ்தான், டிஸ்கஸ் பண்ணிட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டார்கள். சுதந்திரம் கொடுத்தது மாதிரி இருக்கும். நடுரோட்டில் இறக்கிவிட்டது மாதிரிதான் எங்களுக்கு இருந்தது. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் மூன்று பேர் 1997ல், டாக்டரும் நோயாளியும் சேர்ந்து முடிவெடுப்பதைப் பற்றி விளக்கமாக எழுதினார்கள். இரண்டு பக்கமும் தனக்குத் தெரிந்ததைச் சொல்ல வேண்டும், இரண்டு பக்கமும் தன் விருப்பத்தைச் சொல்ல வேண்டும், இரண்டு பேரும் சேர்ந்து ஒரு முடிவுக்கு ஒத்துக்கொள்ள வேண்டும். டாக்டர் தன் கருத்தை விழுங்கிக்கொண்டால் அதுவும் பாதிதான். அம்மாவுக்குத் தேவைப்பட்டது, நோயைத் தெரிந்தவர் தன் மனதில் பட்டதைச் சொல்வதும், தன் வாழ்க்கையைத் தான் சொல்லும்போது அவர் கேட்பதும்.

கைக்கு வந்தோம். டாக்டர் இரண்டு கைகளையும் மறுபடி ஸ்கேனுக்கு அனுப்பினார். வலது கையிலும் நரம்பு இருந்தது, ஆனால் மெலிசு. முன்பு ட்ரிப்ஸ் ஏற்றிய கை அது. தேறுவதற்கு அதிக வாரம் ஆகலாம், தேறாமலே போய் இன்னொரு தடவை ஆபரேஷன் செய்ய நேரலாம். இடது கை என்றால் கிட்டத்தட்ட நிச்சயம். இதையெல்லாம் சொல்லிவிட்டு, பூக் கட்டுவதற்கு எந்தக் கையிலும் தடை இல்லை, ஆனால் ஆறும் வரைக்கும் சில வாரம் கஷ்டம், விரல் மரத்தால் வேலை மெதுவாகும் என்றும் சொன்னார். நான் மனதுக்குள் இடது கையையே தேர்ந்தெடுத்துவிட்டேன். நிச்சயமானதை விட்டுவிட்டு யாராவது போவார்களா?

அம்மா இரண்டு கைகளையும் மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். "வலது கை" என்றாள். "இன்னொரு தடவை அறுக்கணும்னாலும் பரவாயில்லை டாக்டரம்மா. இது மரத்துப்போச்சுன்னா நான் என்னத்துக்கு?"

டாக்டர் உடனே எழுதவில்லை. "வீட்டுக்குப் போய் உங்க பையன்கிட்ட இதை எப்படிச் சொல்வீங்க? எனக்குச் சொல்லிக் காட்டுங்க" என்றார். அம்மா சொன்னாள், மெலிசு நரம்பு, கூடுதல் வாரம், மறு ஆபரேஷன் எல்லாம் சேர்த்து. ஒரு இடம் மட்டும் தப்பாக இருந்தது. அதைத் திருத்திவிட்டு, மறுபடி ஒரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் பேனாவை எடுத்தார்.

ஆபரேஷன் அன்று ஒப்புதல் படிவம் என் கைக்குத்தான் வந்தது. "அட்டெண்டர் யாரு? இதுல போடுங்க." நான் அம்மாவிடம் கொடுத்தேன். கொடுத்தவருக்கு அது தேவையில்லாத தாமதமாகத் தெரிந்திருக்கும். ஆனால் அந்தச் சில மாதங்களில் நான் சமிரா கோலி வழக்கைப் பற்றிப் படித்திருந்தேன். 1995ல் டெல்லியில் நடந்தது. 44 வயதுப் பெண், வயிற்றில் சிறு துளை போட்டு உள்ளே பார்க்கும் லேப்ராஸ்கோப்பி மூலம் என்ன கோளாறு என்று பார்ப்பதற்காகப் போனவர். அவர் மயக்கத்தில் இருந்தபோது, வெளியே இருந்த அவருடைய தாயிடம் சம்மதம் வாங்கிக்கொண்டு கருப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். 2008 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது இதுதான்: உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது, சுயநினைவும் வயதும் உள்ள ஒருவருக்காகத் தாயின் சம்மதம்கூடச் செல்லாது. தாய் சொன்னதே செல்லாது என்றால் மகள் சொன்ன "ஆமா சார்" என்ன கணக்கில் வரும் என்று நினைத்துக்கொண்டேன். அம்மா எழுத்துக் கூட்டிக் கையெழுத்துப் போட்டாள். வலது கையால்தான். அதே கையை நீட்டிக்கொண்டு உள்ளே போனாள்.

வேறொன்றும் இந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன், யாருக்காவது உதவும். பழைய ஆஸ்பத்திரியில் அட்மிட் ஆனபோது இருந்த காகிதங்களைக் கேட்டால் இழுத்தடித்தார்கள். மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு நெறிமுறை விதிகளின்படி, உள்நோயாளிகளின் பதிவேடுகளை 3 வருடம் வைத்திருக்க வேண்டும், நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். அதை எழுதி, அம்மாவின் பெயரில் மனுக் கொடுத்த பிறகு கிடைத்தது. டோஸ் எப்படிப் படிப்படியாக ஏறியது என்று அதைப் பார்த்துத்தான் தெரிந்தது.

வலது கை ஃபிஸ்டுலா தேற பதினோரு வாரம் ஆனது. ஒவ்வொரு நாளும் ராத்திரி போன் செய்து "விர்ருங்குதா?" என்று கேட்பேன். மென்மையான பந்தைப் பிசையச் சொல்லியிருந்தார்கள். அம்மா பந்துக்குப் பதிலாக, நனைத்துச் சுருட்டிய நார்ப் பந்தைப் பிசைந்தாள். மறு ஆபரேஷன் தேவைப்படவில்லை. தேவைப்பட்டிருந்தாலும் அது அம்மா தெரிந்தே ஏற்றுக்கொண்டதாக இருந்திருக்கும்.

நாள் குறிக்கும்போதும் பேச்சு நடந்தது. வாரம் மூன்று தடவை என்பதுதான் பொதுவான கணக்கு. அம்மாவுக்கு இன்னும் ஓரளவு சிறுநீர் போவதால் இரண்டில் ஆரம்பிக்கலாம், ஆனால் எடை கூடினாலோ மூச்சு வாங்கினாலோ மூன்றாக்கிவிடுவேன் என்று டாக்டர் முதலிலேயே சொல்லிவிட்டார். செவ்வாயும் வெள்ளியும் முடியாது என்றாள் அம்மா. திங்கள், வியாழன் என்று முடிவானது. காலை ஷிஃப்ட் என்றால் மார்க்கெட் போகும், சாயங்காலம் என்றால் கடை போகும். பதினோரு மணி ஷிஃப்ட் கிடைத்தது. டயாலிசிஸ் முடிந்த அன்று உடம்பு அசந்துவிடும், அன்றைக்கு மட்டும் கடை கிடையாது. ஒரு நாளைக்கு ஒரு லிட்டர்தான் தண்ணீர் என்றபோது, "லிட்டர்னா எத்தனை டம்ளர்?" என்று கேட்டாள். அடுத்த தடவை வீட்டு டம்ளரையே கொண்டுவரச் சொன்னார் டாக்டர். அளந்து பார்த்ததில் ஆறு வந்தது, ரசமும் காப்பியும் அதற்குள்தான். அலமாரியில் இப்போது ஆறு புளியங்கொட்டை இருக்கிறது. குடிக்கக் குடிக்க ஒன்றொன்றாக டப்பாவில் போடுவாள். அந்தப் பழைய பிஸ்கட் டப்பாவில்தான்.

சென்ற மாதம் நான் மதுரைக்குப் போனபோது திங்கட்கிழமை. நானும் கூடப் போனேன். நான்கு மணி நேரம் அசையாமல் படுத்திருக்க வேண்டும். வலது கையில் இரண்டு ஊசி, டேப் ஒட்டி, தலையணை மேல் நீட்டி வைத்திருந்தார்கள். ஒரு மணிக்கு நர்ஸ் வந்து, "சாப்பாடு கொண்டு வந்திருக்கீங்களாம்மா?" என்று கேட்டார். நான் டப்பாவைத் திறந்து இட்லியைப் பிட்டு அம்மாவின் வாய்ப் பக்கம் கொண்டுபோனேன். "குடு" என்று டப்பாவை வாங்கி மார்பின் மேல் வைத்துக்கொண்டாள். இடது கையால் இட்லியைப் பிட்டாள். சட்னியில் தொட்டு, ஒன்றும் சிந்தாமல், அவசரமில்லாமல் சாப்பிட்டாள். அந்தக் கை அத்தனை பழக்கமாகச் சோற்றுக்குப் போய் வந்ததை நான் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். பக்கத்துக் கட்டில்காரம்மா என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டபோது நான் எதுவும் சொல்லவில்லை. அம்மா வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு, அவளே சொன்னாள்.